தண்ணி இறங்கும் ஊரில் மிதக்கும் படுக்கை: ஒரு சூளைப்பள்ளத்தில் வெள்ளரிப்பழம் வைத்த அனுபவம்

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி உள்ளே போனால், வடக்கே சேர்வராயன் மலை சுவர் வைத்த மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் எங்கள் பெரியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் நாற்பது சென்ட் வெறும் பள்ளம். பெரியப்பா இருந்த காலத்தில் செங்கல் சூளைக்கு மண் கொடுத்தார். எடுத்த பிறகு மேல்மண் கொட்டி மட்டம் பண்ணித் தருகிறோம் என்று பேச்சு. அது பேச்சோடு போயிற்று. இப்போது ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணி உள்ளே இறங்கி ஆறடி ஆழத்துக்கு நிற்கும், மாசி பிறந்தால் மெல்ல இறங்க ஆரம்பித்து சித்திரையில் சேறு, வைகாசியில் வெடிப்பு. நெல்லும் வைக்க முடியாது, மேட்டுப்பயிரும் வைக்க முடியாது. வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்த ஆகாயத்தாமரை மட்டும் நாலைந்து வருஷமாகப் பள்ளத்தை மூடி ஊதாப் பூ பூத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பள்ளத்தில்தான் போன ஐப்பசி தொடங்கி இந்த வைகாசி வரை மூன்று மிதக்கும் படுக்கை போட்டு வெள்ளரிப்பழம், கிர்ணி, தர்பூசணி மூன்றும் வைத்துப் பார்த்தோம். ஒன்று நன்றாக வந்தது, ஒன்று சுமார், ஒன்று போய்விட்டது. எது ஏன் வந்தது, எது ஏன் போனது என்று முழுசாக எழுதி வைக்கிறேன். சேலம் மாவட்டத்தில் இந்த மாதிரி சூளைப்பள்ளமும் கசிவுத் தண்ணி நிற்கும் தாழ்வான காடும் எத்தனையோ கிடக்கிறது, யாராவது ஒருத்தருக்கு உதவும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எல்லோரும் ஆகாயத்தாமரை என்று சொல்வது தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியிலிருந்து வந்த செடி, சிலர் வெங்காயத்தாமரை என்பார்கள். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்று வருவது வேறு, முட்டைக்கோஸ் மாதிரி அடுக்காக மிதக்கும் சின்னச் செடி. இரண்டும் ஒரே குளத்தில் கிடக்கும். நான் இங்கே சொல்வதெல்லாம் ஊதாப் பூ பூக்கிற, காம்பு உப்பிய அந்தப் பெரிய செடியைத்தான்.

யோசனை எங்கிருந்து வந்தது

வங்கதேசத்தில் கோபால்கஞ்ச், பிரோஜ்பூர், பரிசால் பக்கம் வருஷத்தில் பாதி நாள் வயல் தண்ணிக்குள் இருக்கும். அங்கே ஆகாயத்தாமரையை அடுக்கடுக்காகக் குவித்து மிதிக்க, அது ஒரு தெப்பம் மாதிரி ஆகிறது. மேல்பக்கம் அழுகி எருவானதும் அதன்மேல் வெண்டை, பூசணி, வெள்ளரி, கீரை, நாற்று எல்லாம் வைக்கிறார்கள். ஐம்பது அறுபது மீட்டர் நீளத்துக்குக்கூடப் படுக்கை போடுவார்கள், அகலம் மட்டும் கை எட்டும் அளவு. தாப், பைரா என்று ஊருக்கு ஊர் பெயர். 2015-ல் ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் இதை உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. இந்தச் செடியை ஒழிக்க வங்காளத்தில் 1936-லேயே சட்டம் போட்டார்கள். ஒழியவில்லை. ஒழியாத செடியையே மண்ணாக்கிக்கொண்ட குடியானவர்கள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் வரும்.

காஷ்மீர் தால் ஏரியில் கோரைப்புல் பாயின்மேல் தக்காளி, வெள்ளரி, முலாம்பழம் வைக்கிறார்கள். மியான்மர் இன்லே ஏரியில் தக்காளி. மெக்சிகோவின் சினாம்பாவையும் மிதக்கும் தோட்டம் என்று சொல்வார்கள், ஆனால் அது மிதப்பதில்லை, ஏரியின் ஓரத்தில் சேறு அள்ளிப் போட்டு எழுப்பிய திட்டு. நம் சேலத்து மூக்கனேரிக்குள் மண்ணைக் குவித்து மரம் வைத்த திட்டுகளும் அந்த வகைதான்.

பழம் என்றதும் மா, கொய்யா என்று நினைக்கக் கூடாது. மரப்பயிர் மிதவையில் நிற்காது, வேருக்குப் பிடிப்பு இல்லை, பாரம் தாங்காது. பப்பாளி இன்னும் மோசம், வேரில் இரண்டு மூன்று நாள் தண்ணி நின்றாலே செத்துவிடும். ஆனால் பப்பாளி நாற்று மட்டும் இந்தப் படுக்கையில் வளர்த்து எடுக்கலாம், வங்கதேசத்தில் செய்கிறார்கள். பழமாகவே எடுக்க வேண்டுமென்றால் மூன்று மாதத்தில் முடிகிற, மேலாக வேர் ஓடுகிற கொடிதான் ஒத்துவரும்.

இதை நான் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கெல்லாம் தண்ணி ஏறுற ஊரு கண்ணு. நமக்கு இறங்குற ஊராச்சே?” அன்றைக்கு அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியவில்லை. சரி, பார்க்கலாம் பெரியம்மா என்று மட்டும் சொன்னேன்.

படுக்கை கட்டியது

கார்த்திகை முதல் வாரம் கட்டினோம். மூன்று படுக்கை, ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி நீளம், நாலடி அகலம். நாலடிக்கு மேல் போனால் பக்கத்திலிருந்து கை நடுவுக்கு எட்டாது, படுக்கை மேல் ஏறித்தான் வேலை செய்ய வேண்டும், ஏறினால் அமுங்கும். நானும், பக்கத்துக் காட்டு அண்ணனும், கூலிக்கு ஒருவரும், ஆக மூன்று பேர் நாலு நாள் உழைத்தோம்.

முறை இதுதான். ஆகாயத்தாமரை அடர்த்தியாக நிற்கும் இடத்தில் இரண்டு பச்சை மூங்கிலை நீளவாக்கில் செடியின் மேலேயே போட வேண்டும். ஒருவர் மூங்கில்மேல் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் தொரட்டியால் செடியை இழுத்து இழுத்துத் தன் காலடியில் போட்டு மிதிக்க வேண்டும். முதல் அடுக்குக்கு நன்றாக முற்றிய, நீளக் காம்பு உள்ள செடி வேண்டும், அதை வேர் மேலே, இலை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டோம். அந்தக் காம்பை ஒன்று ஒடித்துப் பாருங்கள், உள்ளே ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாகக் காற்று. விரலால் நசுக்கினால் சத்தத்தோடு அமுங்கும், விட்டால் பாதி எழும்பும். அந்தக் காற்றுதான் படுக்கையைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால் அடி அடுக்கை மிதித்து நசுக்கக் கூடாது, மேலே போகப் போகத்தான் மிதி. மூன்றடி உயரம் வந்ததும் மூங்கிலை உருவி அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோனோம்.

உள்ளே போய்வர லாரி டியூப் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை வைத்தோம். சேலத்தில் பழைய லாரி டியூபுக்குப் பஞ்சமா! நீச்சல் தெரியாத யாரையும் இறக்காதீர்கள், ஆறடித் தண்ணிக்குக் கீழே அரையடி சேறு இருக்கிறது, கால் மாட்டினால் இழுக்கும். தண்ணியில் ரொம்ப நேரம் நின்று செடியை அள்ளினால் கையும் முழங்காலும் அரிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் கொஞ்சம் பரவாயில்லை. அட்டையும் உண்டு.

இந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் மூன்றடிக்கு அடுக்கியது பதினைந்து நாளில் பாதியாக இறங்கிவிடும். இறங்க இறங்க மேலே புதுச்செடி போட்டுக்கொண்டே இருந்தோம்.

முதல் நடவு வெந்தது

மார்கழி பிறக்கும் முன்பே நட்டுவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். மேல்பக்கம் பழுப்பாகி அழுகின மாதிரி தெரிந்தது. குழித்தட்டில் வளர்த்து வைத்திருந்த கிர்ணி நாற்று, தர்பூசணி நாற்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டோம். மூன்றாம் நாள் காலையில் போனால் பாதி நாற்று தண்டோடு துவண்டு கிடக்கிறது. தண்ணிக்கு நடுவில் இருக்கிற செடி எப்படி வாடும் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரியம்மா கரையிலிருந்தே, “உள்ள கைய விட்டுப் பாரு கண்ணு” என்றார். மணிக்கட்டு வரை விட்டேன். குளிக்க விளாவின வெந்நீர் மாதிரி சூடு. கையை வெளியே எடுத்தால் மாட்டு மூத்திர வாடை. மேல் நாலு விரற்கடை அழுகியிருந்ததே தவிர, அதற்குக் கீழே அப்போதுதான் புளித்துக்கொண்டிருந்தது, குப்பைமேடு வேகிற மாதிரி வெந்துகொண்டிருந்தது. வேர் அதற்குள் இறங்கியதும் வெந்துவிட்டது.

அதற்கப்புறம் கை விட்டுப் பார்ப்பதையே கணக்காக வைத்துக்கொண்டோம். முழங்கை பாதி வரை விட்டாலும் சூடு தெரியக் கூடாது, வாடை மண்வாடையாக மாறியிருக்க வேண்டும், பிடித்தால் கறுப்பாக உதிர வேண்டும். எங்களுக்கு அது வந்தது தை ஐந்தாம் தேதி வாக்கில். மார்கழிக் குளிரில் அழுகுவது மெதுவாகத்தான் நடந்தது. வங்கதேசத்தில் ஆடி மாத வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் அழுகிவிடும், அந்த நாள் கணக்கை அப்படியே எடுத்து இங்கே மார்கழிக்கு வைத்ததுதான் தப்பு.

இரண்டாம் முறை நாற்றுக்கு அவர்கள் வழியையே எடுத்தோம். நன்றாக மக்கின ஆகாயத்தாமரையைக் கொழுக்கட்டை அளவுக்கு உருண்டை பிடித்து, தேங்காய் நார் சுற்றி, நடுவில் குழி செய்து விதையை வைத்து நிழலில் வைத்தோம். இரண்டு இலை விட்டதும் உருண்டையோடு படுக்கையில் பதித்தோம். ஒன்றுகூடத் துவளவில்லை. குழித்தட்டு நாற்றைவிட இது மேல், வேர் பழகிய இடத்திலேயே போய் உட்காருகிறது. கிர்ணி, தர்பூசணிக்குக் கடை விதை. வெள்ளரிப்பழத்துக்குப் பெரியம்மா கொடுத்த விதை, எந்தக் காலத்து விதையோ, சாம்பலில் புரட்டி துணியில் முடிந்து வைத்திருந்தார்.

கயிறு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு படுக்கை இதனால்தான் போனது.

ஐப்பசி கார்த்திகைக் காற்றில் படுக்கை பள்ளம் முழுக்க ஊர்வலம் போகும். அதைத் தடுக்க மூன்றையும் கரையில் நின்ற சீமைக்கருவேல மரத்திலும் அடித்த முளையிலும் கட்டினோம். இரண்டு படுக்கைக்கு நைலான் கயிறு, நீளமாகவே இருந்தது. மூன்றாவதுக்கு, அதாவது தர்பூசணிப் படுக்கைக்கு, கயிறு பற்றாமல் இழுத்துக் கட்டினோம். மாசி முதல் வாரம் நான் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊரில் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் மோட்டார் போட, கசிவு நின்று தண்ணி ஒரு அடிக்கு மேல் இறங்கிவிட்டது. கரைப்பக்கம் படுக்கை கயிற்றில் தொங்குகிறது, மறுபக்கம் தண்ணிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. அமிழ்ந்த பக்கம் இருந்த கொடி எல்லாம் மூன்று நாளாகத் தண்ணிக்கடியில். தொங்கிய பக்கம் நடுவில் பிளந்துவிட்டது.

பெரியம்மா கேட்ட கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வங்கதேசத்தில் வெள்ளம் ஏறும்போது கூடவே ஏறுவதற்காகச் செய்த படுக்கை அது. நம் ஊரில் தண்ணி இறங்குவதுதான் இயல்பு. எனவே கட்டும்போதே நம் படுக்கை கடைசியில் தரையில் உட்காரப் போகிறது என்று கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். கயிற்றைப் பள்ளத்தின் அடி வரைக்கும் எட்டும் நீளத்துக்கு விட வேண்டும். படுக்கை உட்காரப் போகும் இடத்தில் கல், மரக்கட்டை, மேடு இருக்கிறதா என்று தண்ணி ஏறும் முன்பே, புரட்டாசியிலேயே பார்த்துச் சமன் செய்துவிட வேண்டும். கரையோரம் கட்டாமல் ஆழமான நடுப்பகுதியில் நிறுத்தினால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மிதக்கும், அதற்குள் பழம் எடுத்துவிடலாம்.

இறங்குகிற தண்ணிக்குப் பின்னாலேயே பயிர் வைப்பது நம் மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. மேட்டூர் அணையில் நீர்மட்டம் 120 அடியிலிருந்து இறங்க இறங்க, வெளியே தெரிகிற நிலத்தில் ஓரத்து ஊர்க்காரர்கள் விதைத்து, தண்ணி திரும்பி ஏறுவதற்குள் அறுத்துவிடுவார்கள். 1934-ல் கட்டின அணை, அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணியின் நாள்காட்டி மனப்பாடம். நாங்கள் அவர்களைத்தான் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

தாழைக்கோழியும் பழ ஈயும்

கொடி ஓட ஆரம்பித்ததும் நீலத் தாழைக்கோழி வந்துவிட்டது. சிவப்பு மூக்கு, நீண்ட கால், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குருத்தை இழுத்து இழுத்துத் தின்றுவிட்டுப் படுக்கையையும் கிளறிவிடும். வலை போடப் பெரியம்மா விடவில்லை. காலில் சிக்கிச் செத்தால் பாவம் என்றார், எனக்கும் அதுவே பட்டது. பள்ளத்தின் ஒரு மூலையில் கோரையும் ஆகாயத்தாமரையும் அப்படியே தொடாமல் விட்டுவிட்டு, படுக்கையின் ஓரத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சீமைக்கருவேல முள்ளைச் சொருகினோம். அவை அந்த மூலைக்குப் போய்க் கூடு கட்டிக்கொண்டன. எலித் தொல்லை இல்லை.

சிவப்பு வண்டு இலையைச் சல்லடை ஆக்கும், காலையில் வெயில் ஏறும் முன் கையால் பிடித்து மண்ணெண்ணெய்த் தண்ணியில் போட்டோம். தண்ணிக்கு நடுவில் மருந்து அடிக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன், அடித்ததெல்லாம் நேராகக் குட்டைக்குள்தான் போகும், மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது. பழ ஈக்கு நாலு இடத்தில் கருவாட்டுப் பொறி தொங்கவிட்டோம். தேனீ குறைவாகவே வந்தது, அதனால் காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்தேன். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், பார்த்தாலே தெரியும். ஒரு படுக்கைக்குக் கால் மணி நேர வேலை. மார்கழிப் பனி விட்டுப்போன பிறகு நட்டதால் அடிச்சாம்பல் நோய் லேசாக வந்து நின்றுவிட்டது.

பிஞ்சு படுக்கையில் பட்டால் பட்ட இடம் அழுகும். தென்னை ஓலையைச் சின்னச் சின்னப் பாயாக முடைந்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் அடியில் வைத்தோம். இந்த வேலையைப் பெரியம்மா யாரிடமும் விடவில்லை, லாரி டியூபில் உட்கார்ந்துகொண்டு தானே போய் வைத்தார்.

விளைந்தது

கிர்ணிக் கொடி பார்க்க அமோகமாக இருந்தது. உரம் எதுவும் போடவில்லை, தண்ணி ஊற்றவும் இல்லை. ஆகாயத்தாமரையில் சாம்பல் சத்து நிறைய, அழுகும்போது அதெல்லாம் கொடிக்குக் கிடைக்கிறது. காயும் பிடித்தது, எண்பது நாளில் மணம் வந்தது. ஆனால் அறுத்துத் தின்றால் இனிப்பு பற்றவில்லை. காரணம் யோசித்தபோது எளிமையாக இருந்தது. தரையில் கிர்ணியோ தர்பூசணியோ வைப்பவர்கள் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் தண்ணியை நிறுத்திவிடுவார்கள், அப்போதுதான் சர்க்கரை ஏறும். மிதக்கும் படுக்கையில் தண்ணியை எப்படி நிறுத்துவது? வேர் கீழே இறங்கி நேராகக் குட்டையிலேயே உறிஞ்சுகிறது. அந்தப் பழத்தை முழுசாக விற்க எனக்கு மனம் வரவில்லை, ஜூஸ் கடைக்காரர் ஒருவரிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுத்தோம், அவர் சர்க்கரை போட்டுத்தானே அடிப்பார்.

தர்பூசணியில் உடையாத பாதிப் படுக்கையில் ஏழு காய் தேறியது. ஒவ்வொன்றும் கனம் ஏற ஏற அந்த இடம் குழிந்து தண்ணி ஊறிவிட்டது. கனமான காய்க்கு இந்த முறை சரிப்படாது என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளரிப்பழம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதற்கு இனிப்பே வேண்டாம், வெல்லம் தூவித் தின்கிற பழம் அது. சதை மாவு மாதிரி, எடை குறைவு, வேர் மேலாகவே ஓடும், நிறையத் தண்ணி குடித்தாலும் கோபித்துக்கொள்ளாது. மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி முழுக்க எடுத்தோம். அந்தப் பழத்தை எடுக்கிற பக்குவம் பெரியம்மாவுக்குத்தான் தெரியும். மஞ்சள் ஏறி, காம்புப் பக்கம் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விடும். அந்த வெடிப்பைப் பார்த்த அன்றைக்கே எடுக்க வேண்டும், மறுநாள் விட்டால் பூவாட்டம் விரிந்து எறும்பு ஏறிவிடும். விடிகாலை டியூபில் போய், பழத்தைத் திருகாமல் இரண்டு கையாலும் ஏந்தி, பனை ஓலையில் சுற்றி நார் போட்டுக் கட்டி, கூடையில் ஒற்றை அடுக்காக வைப்பார். நான் பின்னால் நின்று கூடையைப் பிடித்துக்கொள்வேன். கரைக்கு வருவதற்குள்ளேயே ஓலைக்குள்ளிருந்து அந்த வாசனை வந்துவிடும். எங்கள் பாட்டி வீட்டு வெயில் கால மத்தியானம் அப்படியே ஞாபகம் வரும்.

ஒரு படுக்கையில், நூறு சதுர அடியில், கணக்கு எழுதி வைத்தது வரை அறுபத்து மூன்று பழம். வெடித்துப் போனது, எறும்பு தின்றது சேர்க்காமல். அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு எடுத்துப் போனோம். இந்தப் பழத்தை இப்போது நிறையப் பேர் வைப்பதில்லை, தூரம் கொண்டுபோக முடியாது என்பதால். அதனால் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். கூலியையும் கயிற்றையும் கழித்தால் மூன்று படுக்கைக்கும் சேர்த்துக் கையில் பெரிசாக ஒன்றும் நிற்கவில்லை, வெள்ளரிப்பழப் படுக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் நின்றது.

எந்தத் தண்ணியில் வளர்ந்த செடி என்று பார்த்துப் போடுங்கள்

சந்தையில் பார்த்தவர்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, சேலத்து ஏரிகளில் எல்லாம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறதே, அங்கேயே இப்படிப் போட்டால் என்ன என்று. தயவு செய்து வேண்டாம். ஏரி பொதுச்சொத்து, அனுமதி இல்லாமல் ஒரு முளை அடிக்கக் கூடாது, அதைக் காப்பதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் தண்ணி. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கும்போது எவ்வளவு சுத்தம், ஊருக்குள் வந்து சாக்கடையும் சாயத்தண்ணியும் சேர்ந்த பிறகு அது எப்படி ஆகிறது என்பது சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகாயத்தாமரைக்கு ஒரு குணம், தண்ணியில் இருக்கிற குரோமியம், காரீயம், காட்மியம் எல்லாவற்றையும் வேரில் இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்யவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018-ல் மிதவைகளில் செடி வைத்து விட்டது தண்ணியைச் சுத்தம் செய்யத்தான், தின்பதற்கு இல்லை. சுத்தம் செய்த செடியையே மக்க வைத்து அதன்மேல் நாம் தின்கிற பழத்தை வளர்த்தால், வேரில் சேர்ந்தது மறுபடி எங்கே போகும்?

எங்கள் பள்ளத்துக்கு வாய்க்கால் வழியாக வருவது மழைத் தண்ணியும் காட்டுக் கசிவும் மட்டும். அப்படியும் கட்டுவதற்கு முன் தண்ணியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பும் பிஎச்சும் பார்த்துக்கொண்டோம். சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, தோல், சாக்கடை என்று மேலே எதுவாவது இருக்கிற வாய்க்கால் தண்ணியாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

ஏற்காடு ஏரியில் ஸ்ட்ராபெரி போடலாமா என்றும் ஒரு தம்பி ஆசையாகக் கேட்டார். மலை ஊர், குளிர் சரியாக இருக்கும்தான். ஆனால் அது படகு ஓடுகிற ஏரி, அதோடு ஸ்ட்ராபெரிக்குக் குருத்தடியில் எப்போதும் ஈரம் இருந்தால் அழுகிவிடும். மலையில் சொந்தக் குட்டை வைத்திருப்பவர் யாராவது ஒரு சின்ன மிதவையில், மேலே ஒரு சாண் காய்ந்த மக்கு போட்டுப் பார்க்கலாம். நான் பார்க்காததை நட்டுப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். படுக்கைக்கு எடுத்தது போக மீதிச் செடியைப் பூக்க விடக் கூடாது. விதை சேற்றில் விழுந்தால் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அடுத்தது, பள்ளம் முழுக்கப் படுக்கை போட்டு மூடிவிட்டால் தண்ணிக்குள் காற்று இல்லாமல் மீன் சாகும், அந்த வேரைப் பற்றிக்கொண்டு வளர்கிற கொசுவும் பெருகும். நாங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, மீதி இடத்தில் வெயில் நேராகத் தண்ணியில் விழுந்தது.

சித்திரைக்குப் பிறகு

சித்திரை இரண்டாம் வாரம் இரண்டு படுக்கையும் சேற்றில் உட்கார்ந்தன. வைகாசியில் நடந்து போகும் அளவுக்குத் தரை இறுகியதும் மண்வெட்டியால் வெட்டினோம். மேலே ஒரு முழம் கறுப்பு மக்கு, கையில் எடுத்தால் டீத்தூள் மாதிரி, நடுநடுவே வெள்ளைப் புழுப்போல நார். அடியில் இருந்த காம்பெல்லாம் காய்ந்து சருகாகியிருந்தது. சட்டி சட்டியாக அள்ளி, மேட்டில் நிற்கிற நாலு மல்கோவா மரத்தடியில் ஒரு பங்கு, மஞ்சள் போடப்போகிற காட்டுக்கு மீதி. ஆறு டிராக்டர் டிரெய்லர் வாங்க வேண்டிய எருவில் ஒன்றரை டிரெய்லர் மிச்சம் என்று அண்ணன் கணக்குச் சொன்னார். இந்த எருவைச் சேர்க்காமல் போட்ட கணக்குதான் முன்னால் நான் சொன்னது.

இந்த வருஷம் மூன்றுக்கும் வெள்ளரிப்பழம் மட்டும்தான். அதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கிர்ணியும் வெள்ளரிப்பழமும் ஒரே இனம், பக்கத்துப் பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கலந்துவிடும். அந்தப் பழத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அதன் விதையை எடுத்து நட்டால்தான் என்ன வரும் என்று சொல்ல முடியாது. இது எனக்குத் தெரிந்தது பங்குனியில், அதற்குள் பெரியம்மா நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்துக் கழுவி சாம்பலில் புரட்டிக் காயவைத்துவிட்டார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் உள்ளே போய், பரண்மேல் இருந்த பழைய முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்துக் காட்டினார். போன வருஷ விதை, இன்னும் இரண்டு கைப்பிடி மிச்சம்.

“எல்லாத்தையுமா ஒரே தரம் போடுவாங்க?” என்றார்.

புரட்டாசியில் பள்ளத்தின் அடியைச் சமன் செய்ய ஆள் சொல்லியிருக்கிறோம். கயிறு இந்தத் தடவை நாற்பதடி வாங்கியாயிற்று.